முகம் தெரியாதவருக்கு எவ்வளவு குடுப்பீர்கள்?

உங்கள் கையில் ஆயிரம் ரூபாவைத் தந்து, அதைப் பக்கத்து அறையில் இருக்கிற, பெயரும் முகமும் தெரியாத ஒருவரோடு பங்கிடச் சொல்கிறார்கள். எவ்வளவு குடுப்பது என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். அவர் சம்மதித்தால் இருவருக்கும் அவரவர் பங்கு கிடைக்கும். வேண்டாம் என்றால் இருவருக்குமே ஒன்றுமில்லை. பேரம் பேச இடமில்லை. ஒரே ஒரு தடவைதான்.

விடுதியில் ஒருநாள் இரவு நாங்கள் இதைச் சும்மா கேட்டுப் பார்த்தோம். அநேகமான ஆக்கள் "ஐந்நூறு" என்றார்கள். ஒருத்தன் மட்டும், "நான் நூறு குடுப்பன். சும்மா வாற காசை ஆர் வேண்டாம் எண்டு சொல்லப்போகினம்?" என்றான். "நான் சொல்லுவன்" என்று மூலையிலிருந்து ஒரு குரல். "எனக்கு நூறு போனாலும் பரவாயில்லை, உனக்குத் தொள்ளாயிரம் கிடைக்கக்கூடாது." எல்லாரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. பொருளியல் பாடப்புத்தகங்களில் ஒரு மனிதன் வருவான். அவன் தன் லாபத்தை மட்டும் கணக்குப் பார்ப்பவன். அவனிடம் ஒரு ரூபாவை நீட்டினாலும் வாங்கிக்கொள்ளவேண்டும், ஏனென்றால் ஒன்று பூச்சியத்தை விடப் பெரியது. 1982 இல் வேர்னர் கூத், ரோல்ஃப் ஷ்மிட்பெர்கர், பெர்ன்ட் ஷ்வார்ட்ஸ ஆகிய மூவர் ஜேர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் இதை உண்மையான காசோடு மாணவர்களிடம் சோதித்தார்கள். பாடப்புத்தக மனிதன் வரவில்லை. பாதியோ பாதிக்குக் கொஞ்சம் குறைவாகவோ குடுக்க முன்வந்தவர்களே பெரும்பாலும் இருந்தார்கள். மிகக் குறைந்த பங்கு நீட்டப்பட்டபோது, கையில் வந்த காசைத் தள்ளிவிட்டவர்களும் இருந்தார்கள்.

உடனே ஒரு மறுப்பு வரும். குடுத்தது நல்ல மனதாலா, மற்றவர் மறுத்துவிடுவார் என்ற பயத்தாலா? 1986 இல் டானியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர்களிடம் அந்தப் பயத்தையே எடுத்துவிட்டுக் கேட்டார்கள். மற்றவர் மறுக்கவே முடியாது. 20 டொலரில் 18ஐ நீங்கள் வைத்துக்கொண்டு 2ஐக் குடுக்கலாம், அல்லது ஆளுக்குப் பத்து. நூற்றுக்கு 76 பேர் ஆளுக்குப் பத்து என்றார்கள்.

1995 இல் ஜோய்ஸ் பெர்க், ஜோன் டிக்ஹோட், கெவின் மக்கேப் ஆகியோர் மினசோட்டாவில் நம்பிக்கையைச் சோதித்தார்கள். உங்களிடம் 10 டொலர். விரும்பியதை வேறு அறையில் இருப்பவருக்கு அனுப்பலாம், போகும் வழியில் அது மூன்று மடங்காகும். அவர் விரும்பினால் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பலாம், விரும்பாவிட்டால் முழுவதையும் வைத்துக்கொள்ளலாம். யார் எவ்வளவு அனுப்பினார் என்பது ஆய்வாளர்களுக்கே தெரியாது. கோட்பாட்டின்படி ஒருவரும் ஒரு சதமும் அனுப்பக்கூடாது. முதல் சுற்றில் 32 பேரில் 30 பேர் அனுப்பினார்கள், சராசரியாக 5.16 டொலர். திரும்பி வந்ததன் சராசரி 4.66. அதாவது நம்பியவர்கள் சராசரியில் கொஞ்சம் நட்டப்பட்டார்கள். என்றாலும் நம்பினார்கள்.

இதுவரை வாசித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கொலோன், கோர்னெல், மினசோட்டா. எல்லாமே பல்கலைக்கழகங்கள். "மனிதர்" என்று எழுதப்பட்ட இடத்திலெல்லாம் இருந்தது எங்களைப் போன்ற மாணவர்கள், அதுவும் வசதியான நாட்டு மாணவர்கள்.

உண்மையில் இதற்கு முன்பே ஒருவர் வளாகத்தை விட்டு வெளியே போயிருந்தார். ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் இந்தியாவில் மகாராஷ்டிரா, ஆந்திரக் கிராமங்களில் விவசாயிகளிடம் பூவா தலையா போட்டு ஆபத்தை அளந்தார். 1980 இல் அந்த ஆய்வு வெளிவந்தது. நிச்சயமாக 50 ரூபா வேண்டுமா, அல்லது பூ விழுந்தால் ஒன்றுமில்லை, தலை விழுந்தால் 200 என்று துணிவீர்களா? இரண்டுக்கும் இடையிலும் பல தெரிவுகள். அங்கே ஒரு கூலித் தொழிலாளியின் மாத வருமானத்தையே தாண்டக்கூடிய காசு அது. "ஏழைச் சனம் பயந்த சனம், அதுதான் முன்னேறுதில்லை" என்ற கதை அங்கே நிற்கவில்லை. தொகை பெரிதானபோது வசதியானவரும் இல்லாதவரும் ஏறத்தாழ ஒரே அளவு எச்சரிக்கையோடுதான் தெரிவு செய்தார்கள். வித்தியாசம் மனதில் இல்லை, யாருக்குக் கடன் கிடைக்கிறது, யாருக்குச் சந்தை கிடைக்கிறது என்பதில்தான் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

பிறகு 1996 இல் ஜோசஃப் ஹென்ரிக் என்ற மானிடவியல் மாணவர், காசைப் பங்கிடும் அந்த முதல் விளையாட்டைப் பெருவின் அமேசன் காட்டுக்குள் மச்சிகெங்கா மக்களிடம் கொண்டுபோனார். அங்கே சராசரியாகக் குடுக்க முன்வந்தது கால்வாசி அளவுதான், அதையும் கிட்டத்தட்ட எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். யாருக்கு முதலில் காசு போகிறது என்பது அதிர்ஷ்டம், அதில் கோபிக்க என்ன இருக்கு என்பதுபோல. தொடர்ந்து ஹென்ரிக்கும் கூட்டாளிகளும் 15 சிறிய சமூகங்களில் இதே விளையாட்டை நடத்தினார்கள். இந்தோனேசியாவின் லமலெராவில் பாதிக்கு மேலேயே குடுத்தார்கள். அவர்கள் திமிங்கிலம் பிடிப்பவர்கள். தனி ஆளால் முடியாத தொழில் அது, பங்கு பிரிப்பதில் பிழை விட்டால் நாளைக்குப் படகு போகாது. பப்புவா நியூகினியின் அவு, ங்னாவு மக்களிடையே பாதிக்கு மேல் நீட்டியும் சிலர் மறுத்தார்கள். அங்கே பெரிய அன்பளிப்பை வாங்குவது ஒரு கடனைத் தலையில் ஏற்றுவது. எங்கள் கலியாண வீடுகளில் மொய்க் கொப்பியைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இது அவ்வளவு புதினமில்லை.

ஆக, குடுப்பதும் நம்புவதும் பிறக்கும்போதே கொண்டுவந்த குணம் மட்டுமில்லை. நாங்கள் என்ன தொழில் செய்து, யாரோடு சேர்ந்து, எதைத் தாண்டி வாழ்ந்தோம் என்பதும் அதற்குள் இருக்கிறது.

"எதைத் தாண்டி" என்பதில்தான் நாங்கள் நிற்கிறோம். சுனாமி நடந்து ஏழு வருடங்களுக்குப் பிறகு, இத்தாலியப் பொருளியலாளர்கள் இலங்கையில் சிறுகடன் பெற்றவர்களிடம் மறுக்க முடியாத அந்தப் பங்கீட்டை நடத்தினார்கள். பாதிக்கப்பட்டவர்கள், பாதிக்கப்படாதவர்களை விடக் குறைவாகக் குடுத்தார்கள், குறைவாகவே எதிர்பார்த்தார்கள். ஆனால் பாதிக்கப்பட்டவர்களுக்குள் வீடு உடைந்தவர்களும் காயப்பட்டவர்களும், தொழிலை மட்டும் இழந்தவர்களை விடக் கூடக் குடுத்தார்கள். அவர்களுக்குத்தான் உதவியும் கூடக் கிடைத்திருந்தது. வாங்கிய கைதான் குடுத்தது என்று ஆய்வாளர்கள் அதை விளங்கிக்கொண்டார்கள். அழிவு மட்டும் ஒருவரை மாற்றுவதில்லை, அழிவுக்குப் பிறகு யார் வந்தார்கள் என்பதும் மாற்றுகிறது.

ஜோர்ஜியாவிலும் சியராலியோனிலும் போரைக் கண்ட பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் நடந்த இன்னொரு ஆய்வு 2014 இல் வந்தது. ஏறத்தாழ 7 வயதுக்கும் 20 வயதுக்கும் இடையில் போரில் அகப்பட்டவர்கள் தங்கள் ஆட்களோடு மற்றவர்களை விடச் சமமாகப் பங்கிட்டார்கள். வெளியாள் என்று வரும்போது அந்தச் சமத்துவம் அப்படியே நீளவில்லை.

எங்களில் பலருக்கு 2009 இல் ஐந்து, ஆறு, ஏழு வயது. எங்கள் அண்ணாமார், அக்காமார் அந்த வயது எல்லைக்குள் முழுதாக இருந்தவர்கள். ஜோர்ஜியாவின் முடிவை எடுத்து எங்கள் மேல் ஒட்டிவிட முடியாது. பெருவிலும் லமலெராவிலும் கண்ட வித்தியாசத்துக்குப் பிறகு அப்படிச் செய்வது பிழை. ஆனால் கேள்வியைக் கடன் வாங்கலாம். முகாமில் ஒரு பாண் துண்டை நாலாய்ப் பிய்த்தவர்களின் கதைகளை நாங்கள் பெருமையோடு கதைக்கிறோம். கதைக்கத்தான் வேணும். அதே கை, வேறு மொழி பேசுகிற, வேறு ஊர்க்கார, வேறு சாதிக்காரப் பக்கத்து அறை ஆளுக்கு எவ்வளவு அனுப்பும்?

அன்றிரவு விடுதியில் "ஐந்நூறு" என்று சொன்ன ஒருவரிடமும் நாங்கள் அதைக் கேட்கவில்லை. பக்கத்து அறையில் இருப்பவர் எங்களைப் போல ஒருவர்தான் என்று எல்லாருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.