குப்பன், பிச்சை, போதும்பொண்ணு... இந்தப் பெயர்கள் எல்லாம் எங்கே போச்சு?

இன்றைக்கு ஒரு ஒன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். மித்ரன், யாழினி, ரித்விக், தன்விகா என்று போகும். குப்பன், பிச்சை, மூக்காயி எல்லாம் இருக்க மாட்டார்கள். தாத்தா படித்த காலத்துப் பதிவேட்டில் இவர்களைத் தேடவே வேண்டியிருக்காது.

"ஃபேஷன் மாறிடுச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிடலாம். ரமேஷ், சுரேஷ் விஷயத்தில் அது ஓரளவு சரி. ஆனால் குப்பன் காணாமல் போனதுக்குக் காரணமே வேற.

எமனை ஏமாற்ற ஒரு பெயர்

அடுத்தடுத்து குழந்தைகள் இறந்துபோன வீட்டில் இன்னொரு குழந்தை பிறந்தால், அதைக் குப்பைமேட்டில் ஒரு நிமிஷம் போட்டு எடுப்பார்கள். 'இது யாருக்கும் வேண்டாத பிள்ளை' என்று எமனையும் கண்ணேறையும் நம்ப வைக்கத்தான். அப்படி எடுத்த பிள்ளை குப்பன், குப்பம்மாள். சாமியிடம் மடியேந்தி வாங்கிய பிள்ளை பிச்சை. மூக்கு குத்திவிட்டால் மூக்கன், மூக்காயி. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கும் வழக்கமும் இருந்தது. "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று சின்ன வயசில் உங்களையும் யாராவது கிண்டல் பண்ணியிருப்பாங்க. அந்தக் கிண்டல் வந்தது இங்கிருந்துதான்.

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 1971-ல் இந்தியாவில் பிறந்த 1,000 குழந்தைகளில் 129 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அந்த எண் 13. தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் வந்த பிறகு எமனை ஏமாற்ற வேண்டிய அவசியம் குறைந்தது. காரணம் போன பிறகு பெயர் மட்டும் தனியாக நின்றது. சினிமா காமெடி அதைக் கேலிப் பெயராக்கியது. 'குப்பனும் சுப்பனும்' என்ற பேச்சு வழக்கு மிச்சத்தையும் முடித்தது. தப்பியது பிச்சை மட்டும்தான். கூகுள் தலைவர் புண்ணியத்தில் அது உலகம் முழுக்கத் தெரிந்த பெயர்!

'போதும்' என்று ஒரு பெயர்

வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில், அடுத்தது பையனாக வரட்டும் என்று கடைசிப் பெண்ணுக்கு வைத்த பெயர்கள் போதும்பொண்ணு, வேண்டாம். குப்பன் என்ற பெயரில் பிள்ளை பிழைக்கணுமே என்ற தவிப்பு இருந்தது. இதில் அது கூட இல்லை. அந்தப் பெண் வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு படிவத்திலும் தன்னை யாரும் விரும்பவில்லை என்று எழுத வேண்டியிருந்தது.

இந்தப் பெயர்களும் இப்போது அரிது. 2020-லேயே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை என்ற அளவுக்குத் தமிழ்நாட்டில் குடும்பம் சுருங்கிவிட்டது. நாலாவது பெண்ணுக்கு இடமே இல்லை. ஆனால் 6 வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 1991-ல் 948 பெண் குழந்தைகள் இருந்தார்கள், 2011-ல் 943. கருவில் பாலினம் சொல்லக் கூடாது என்று 1994-லேயே சட்டம் வந்தும் இந்த நிலை. பெயர் போயிருக்கு, ஆசை போகலை.

தாத்தா பெயர் முதல் ரமேஷ் வரை

பேரன் என்ற சொல்லே 'பெயரன்', அதாவது தாத்தாவின் பெயரைச் சுமப்பவன் என்பதிலிருந்து வந்தது. அதனால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டுத் திரும்பி வந்துகொண்டே இருந்தது. ஒரே சிக்கல், மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. அப்புறம் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது? ராஜா, தம்பி என்று வீட்டுப் பெயர் வந்தது அப்படித்தான்.

இந்தச் சுழற்சியை உடைத்ததில் தனித்தமிழ் இயக்கத்துக்கும் திராவிட இயக்கத்துக்கும் பெரிய பங்கு. வேதாசலம் மறைமலையடிகள் ஆனார், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். பிறகு அன்பழகன், இளங்கோவன், தமிழ்ச்செல்வி என்று குழந்தைகளுக்கும் வைத்தார்கள். 1953 மார்ச் 1-ல் பிறந்த கருணாநிதியின் மகனுக்கு, நாலு நாளில் இறந்த சோவியத் தலைவரின் பெயர் கிடைத்தது.

அதற்குப் பிறகு வந்த ரமேஷ், சுரேஷ் அலை தன் வெற்றியாலேயே முடிந்தது. ஒரு வகுப்பில் மூணு ரமேஷ் இருந்தால் நாலாவது வீட்டுக்காரர் வேறு பெயர் தேடுவார். அமெரிக்காவில் அலெக்ஸாவுக்கு நடந்தது இன்னும் வேகம். 2014-ல் அமேசான் அந்தப் பெயரில் குரல் உதவியாளரை விட்டது. சில ஆண்டுகளிலேயே அந்தப் பெயர் வைப்பது சரசரவெனக் குறைந்தது. மகளைக் கூப்பிட்டால் ஸ்பீக்கர் பதில் சொல்வதை யார் விரும்புவார்?

இப்போது நட்சத்திர எழுத்து, நியூமராலஜி, ஆங்கிலத்தில் கூடுதலாக ஒரு எழுத்து. இன்னொரு பக்கம் நிலா, கவின், ஆதிரா என்று சின்னச் சின்னத் தமிழ்ப் பெயர்கள் வருகின்றன.

அவசரப்படாதீங்க, ஆனா தள்ளியும் போடாதீங்க

முன்பெல்லாம் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியாரே நல்ல பெயர் ஒன்றை எழுதிவிடுவார். பல குப்பன்கள் அங்கேதான் குமார் ஆனார்கள். இனி அது நடக்காது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, இடத்துக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான்.

பெயர் முடிவாகாவிட்டாலும் பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். குழந்தையின் பெயரை 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம், அதன் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஒருமுறை பதிவான பெயரை முழுசாக மாற்றுவது சுலபமில்லை. ஆங்கில ஸ்பெல்லிங்கை நியூமராலஜிப்படி மாற்றுவதாக இருந்தால், அதைச் சான்றிதழில் எழுதும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.