காலப் பயணக் கதைகள் கடந்து வந்த பாதை

அறிவியல் புனைகதையின் பழகிய கருக்களில் காலப் பயணம் தனி ரகம். விண்கலமும் எந்திர மனிதனும் கதைகளிலிருந்து இறங்கி நிஜ உலகத்துக்கு வந்துவிட்டன. கால இயந்திரம் வரவில்லை. வரும் என்று நம்புபவர்களும் அதிகம் இல்லை. ஆனாலும் நாவலிலும் சினிமாவிலும் அதற்குக் கிராக்கி குறைந்தபாடில்லை. அந்தக் கதைகளுக்கு இயந்திரம் ஒரு சாக்குதான். எந்தக் காலத்துக்குப் போகிறார்கள், எதற்காகப் போகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடந்த 130 ஆண்டுகளில் இந்த இரண்டும் வெகுவாக மாறியிருக்கின்றன.

இயந்திரம் வருவதற்கு முன்பே காலத்தைத் தாண்டிய மனிதர்கள் கதைகளில் இருந்தார்கள். பாகவத புராணத்தில் ககுத்மி என்ற அரசன் தன் மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரம்மலோகம் போகிறான். அங்கே கந்தர்வர்களின் கச்சேரி முடியும்வரை காத்திருக்கிறான். அதற்குள் பூமியில் 27 சதுர்யுகங்கள் கழிந்துவிடுகின்றன. அவன் மனதில் நினைத்திருந்த மாப்பிள்ளைகள் யாரும் உயிரோடு இல்லை. கடலடி அரண்மனையில் சில நாள் விருந்தாடிவிட்டு ஊர் திரும்பும் ஜப்பானிய மீனவன் உராஷிமா தாரோவின் கதையும் இதே வகை. இவர்கள் யாரும் காலத்தைத் தாண்டவென்று புறப்பட்டுப் போகவில்லை. காலம் இவர்களை விட்டுவிட்டு ஓடியது, அவ்வளவுதான்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுத்தாளர்கள் இதைச் சமூக விமர்சனத்துக்குப் பயன்படுத்தினார்கள். லூயி செபாஸ்தியன் மெர்சியே 1771-இல் வெளியிட்ட நாவலின் கதைசொல்லி தூங்கி எழுந்து 2440-ஆம் ஆண்டின் பாரிஸைப் பார்க்கிறான். மன்னராட்சிப் பிரான்ஸ் அந்த நூலைத் தடை செய்தது. எட்வர்ட் பெல்லமியின் 1888 நாவலில் பாஸ்டன் நகரத்துக்காரன் ஒருவன் 2000-ஆம் ஆண்டில் கண் விழித்து, தனியார் முதலாளிகள் இல்லாத அமெரிக்காவைக் காண்கிறான். அந்தக் கற்பனையை நடைமுறைக்குக் கொண்டுவர அமெரிக்கா முழுவதும் சங்கங்கள் முளைத்தன. அடுத்த ஆண்டே மார்க் ட்வைன் எதிர்த் திசையில் போனார். தலையில் அடிபட்ட ஒரு தொழிற்சாலை மேற்பார்வையாளனை 6-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆர்தர் அரசனின் அவையில் இறக்கினார். அவன் அங்கே தொலைபேசி இழுக்கிறான், பத்திரிகை நடத்துகிறான், கடைசியில் மின்வேலி போட்டு வீரர்களை ஆயிரக்கணக்கில் கொல்கிறான். இவ்வளவுக்குப் பிறகும் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு துரும்பும் அசையவில்லை. கடந்த காலத்தைத் தொட்டால் நிகழ்காலம் என்னாகும் என்ற கேள்வி ட்வைனைத் தொந்தரவு செய்யவே இல்லை.

பயணியின் கையில் விசையைக் கொடுத்துப் புகழ்பெற்றவர் ஹெச். ஜி. வெல்ஸ். முதலாமவர் அவரல்ல: எட்வர்ட் பேஜ் மிட்சல் 1881-இல் காலத்தைப் பின்னுக்குத் தள்ளும் கடிகாரம் பற்றி எழுதியிருந்தார், ஸ்பெயினின் என்ரிக்கே காஸ்பர் 1887-இல் காலத்தில் பின்னோக்கிப் பறக்கும் பெரும் வாகனத்தையே கற்பனை செய்தார். ஆனால் இலக்கியத்தில் வேர்விட்டது 1895-இல் வந்த வெல்ஸின் 'தி டைம் மெஷின்'தான். நாவலின் தொடக்கத்தில் விருந்தாளிகள் முன்னால் ஒரு சின்ன மாதிரி இயந்திரம் மேசைமேல் வைக்கப்படுகிறது. விருந்தாளி ஒருவரின் விரலைக் கொண்டே அதன் நெம்புகோல் தள்ளப்படுகிறது. இயந்திரம் மங்கி மறைகிறது. நீளம், அகலம், உயரத்தோடு காலமும் ஒரு பரிமாணம் என்று பயணி அதற்கு விளக்கம் சொல்கிறார். ஐன்ஸ்டைனின் முதல் சார்பியல் கட்டுரை வர அப்போது இன்னும் 10 ஆண்டுகள் இருந்தன. உட்கார ஆசனம், இழுக்க நெம்புகோல் என்றிருக்கும் அந்த வாகனத்தில், இங்கிலாந்தை அப்போது பிடித்தாட்டிய சைக்கிள் மோகத்தின் சாயலைப் பார்க்கலாம்.

பயணி போய்ச் சேரும் ஆண்டு 802701. அங்கே மனித இனம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. நிலத்தின் மேலே உழைப்பே அறியாத மென்மையான ஈலோய்கள். கீழே இருட்டில் இயந்திரங்களை ஓட்டும் மார்லாக்குகள். முதலாளிகளின் வம்சமும் தொழிலாளிகளின் வம்சமும்தான் இப்படி ஆகியிருக்கின்றன. இப்போது கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களைத் தின்கிறார்கள். இந்தப் படத்துக்கு வெல்ஸ் வெகுதூரம் போகத் தேவை இருந்திருக்காது. அவருடைய தாய் சசெக்ஸில் அப்பார்க் என்ற மாளிகையில் வேலைக்காரர்களுக்குத் தலைவியாக இருந்தவர். அங்கே பணியாட்கள் சமையற்கட்டிலிருந்து மாளிகைக்குத் தரையடிச் சுரங்கம் வழியாகத்தான் நடமாட வேண்டும். வெல்ஸ் சிறுவயதில் ஜவுளிக்கடையில் எடுபிடியாக இருந்து, பிறகு டார்வினின் ஆதரவாளரான டி. ஹெச். ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தவர். சுரங்கமும் பரிணாமமும் சேர்ந்த இடம் அந்த நாவல். அதன் இறுதிப் பயணம் 3 கோடி ஆண்டுகளுக்கு அப்பால், சூரியன் அணையப்போகும் ஒரு கடற்கரைக்குப் போகிறது. சூரியன் வேகமாகக் குளிர்ந்துவருகிறது என்று இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டிருந்த காலம் அது.

20-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரு அமெரிக்க மலிவு இதழ்களின் கைக்குப் போனது. அங்கே சமூகம் பின்னுக்குப் போய்ப் புதிர் முன்னுக்கு வந்தது. பயணிகளும் பெரும்பாலும் பின்னோக்கித் திரும்பினார்கள். வருங்காலத்தை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. கடந்த காலமோ ஏற்கெனவே எழுதி முடித்த கணக்கு, அதில் கை வைத்தால் ஏதாவது இடிக்கும். எல். ஸ்ப்ரேக் டி கேம்ப் 1939-இல் எழுதிய கதையில் மின்னல் தாக்கிய தொல்லியலாளன் ஒருவன் கி.பி. 535-இன் ரோமில் விழுகிறான். அவன் அங்கே பிழைக்கும் விதம் சுவையானது. வட்டிக்காரனிடம் கடன் வாங்கிச் சாராயம் வடிக்கிறான். அந்த வட்டிக்காரனின் கணக்கர்களுக்கு அரபு எண்களைச் சொல்லித்தருகிறான். பத்திரிகை தொடங்குகிறான், எழுதத் தோல் கிடைக்காமல் திண்டாடுகிறான். வெடிமருந்து செய்து பார்க்கிறான், அது சரிப்படவில்லை. ட்வைனின் நாயகனுக்கு எல்லாம் கைகூடியது. டி கேம்ப் ஒரு மனிதனின் கைக்கு எது எட்டும், எது எட்டாது என்று பார்த்தார்.

அதே காலத்தில் பாட்டன் முரண் உருவெடுத்தது. தன் பாட்டனை இளமையிலேயே ஒருவன் கொன்றுவிட்டால், கொல்லப் போக அவன் எப்படிப் பிறந்திருப்பான்? பிரெஞ்சு எழுத்தாளர் ரெனே பர்ஜாவெலின் 1944 நாவலில் நெப்போலியனைத் தீர்த்துக்கட்டப் போனவன் தவறுதலாகத் தன் முன்னோரையே கொன்றுவிடுகிறான். ராபர்ட் ஹைன்லைன் 1959-இல் இதைக் கடைசி எல்லைவரை இழுத்தார்: தனக்குத் தானே தாயும் தந்தையுமாகும் ஒரு மனிதன். புத்திசாலித்தனத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. படித்து முடித்ததும் மனதில் நிற்பது என்னவோ கணக்குதான். ரே பிராட்பரியின் 1952 சிறுகதை அப்படியல்ல. டைனோசர் வேட்டைக்குப் போனவன் பாதையை விட்டு விலகி ஒரு வண்ணத்துப்பூச்சியை மிதித்துவிடுகிறான். திரும்பி வந்தால் எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கிறது, தேர்தல் முடிவும் மாறியிருக்கிறது.

இயற்பியலும் இடையிடையே இந்த விளையாட்டில் சேர்ந்துகொண்டது. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு ஒரு தீர்வு கண்ட கூர்ட் கோடல், சுழலும் பேரண்டத்தில் ஒருவர் தன் கடந்த காலத்துக்கே போய்ச் சேரலாம் என்று 1949-இல் காட்டினார். கார்ல் சேகன் தன் நாவலுக்காகக் கேட்ட சந்தேகம் இயற்பியலாளர் கிப் தோர்னை, வெளியிலும் காலத்திலும் குறுக்குவழியாகக் கருதப்படும் புழுத்துளைகளின் ஆய்வுக்கு இட்டுச் சென்றது. 1988-இல் கட்டுரையும் வந்தது. கதையிலிருந்து கேள்வி அறிவியலுக்குப் போன அபூர்வமான நிகழ்வு அது.

இந்தக் கருவில் இயந்திரம் எவ்வளவு தேவையற்றது என்பதை ஆக்டேவியா பட்லரின் 1979 நாவலான 'கின்ட்ரட்' காட்டியது. 1976-இல் கலிபோர்னியாவில் வசிக்கும் கறுப்பினப் பெண் டானா, திடீரென்று 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து மேரிலாண்ட் பண்ணைக்கு இழுக்கப்படுகிறாள். எப்படி என்று நாவல் சொல்வதில்லை. ஆற்றில் மூழ்கும் ஒரு வெள்ளைக்காரச் சிறுவனை அவள் காப்பாற்றுகிறாள். அடிமைகளை வைத்திருக்கும் பண்ணையாரின் மகன் அவன். டானாவின் முன்னோரும் அவனே. அவன் வளர்ந்து ஒரு கறுப்பினப் பெண்ணை நாசமாக்கி, அவளுக்குக் குழந்தை பிறக்கும்வரை அவன் உயிரோடு இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் டானா இல்லை. இதழ்கள் புதிராக உருட்டி விளையாடிய பாட்டன் முரண் இங்கே உயிரை வதைக்கும் நிர்ப்பந்தமாகிவிட்டது. கடைசிப் பயணத்தில் டானா தன் இடது கையை இழக்கிறாள். இது அறிவியல் புனைகதையே அல்ல, இதில் அறிவியல் இல்லை என்று பட்லரே சொல்லியிருக்கிறார்.

சினிமாவும் தொலைக்காட்சியும் பெரும்பாலும் பின்னோக்கியே பயணித்தன. பி.பி.சி. 1963-இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடருக்குச் சிறுவர்களுக்கு வரலாறு சொல்லித்தருவதும் ஒரு நோக்கம். தெலுங்கில் சிங்கீதம் சீனிவாசராவின் 'ஆதித்யா 369' 1991-இல் கிருஷ்ணதேவராயரின் அவைக்குப் போனது. சீனத் தொலைக்காட்சியில் நாயகிகள் பழைய அரண்மனைகளுக்குப் போய் அரசகுமாரர்களைக் காதலிக்கும் தொடர்கள் பெருகியபோது, வரலாற்றை இப்படி அற்பமாக்குவதை ஒளிபரப்பு ஆணையம் 2011-இல் கண்டித்தது. தமிழில் 2015-இல் வந்த ஆர். ரவிக்குமாரின் 'இன்று நேற்று நாளை' நாயகர்களுக்கு வரலாறு பெரிய விஷயமில்லை. கையில் கிடைத்த கால இயந்திரத்தைக் கொண்டு அவர்கள் தொலைந்த பொருள்களைக் கண்டுபிடித்துக் கொடுத்து, அதைச் சோதிடமாக விற்றுக் காசு பார்க்கிறார்கள். வெல்ஸ் எதிர்பார்க்காத, ஆனால் நம்மூரில் முதலில் தோன்றக்கூடிய உபயோகம் அதுதான்.

அண்மைக் கதைகளில் பயணத்தின் தூரம் சுருங்கிவருகிறது. 'கிரவுண்ட்ஹாக் டே' 1993-இல் பிரபலமாக்கிய காலச் சுழலில் நாயகன் ஒரே நாளையே திரும்பத் திரும்ப வாழ்கிறான். வெங்கட் பிரபுவின் 'மாநாடு' 2021-இல் அதை ஓர் அரசியல் கொலைத் திட்டத்தோடு கோத்தது. இன்னொரு கிளையில் பயணியே தேவைப்படுவதில்லை. கிரிகரி பென்ஃபோர்டின் 1980 நாவலில், சீரழிந்துகொண்டிருக்கும் 1998-இன் விஞ்ஞானிகள் 1960-களுக்கு எச்சரிக்கைச் செய்தியை மட்டும் அனுப்புகிறார்கள். 2023-இல் வந்த 'மார்க் ஆண்டனி'யில் கடந்த காலத்தோடு பேச ஒரு தொலைபேசி போதுமாகிவிட்டது.