'கை' பிறந்த கதை

படம் 18 நிமிடம்தான். அதில் ஒரு வார்த்தை வசனம் கிடையாது. அப்படியிருந்தும் ஓர் அரசாங்கம் அதைக் கண்டு பயந்தது. 1965இல் செக்கோஸ்லோவாக்கியாவில் யிர்ஷி த்ருன்கா எடுத்த 'ருக்கா'தான் அந்தப் படம். ருக்கா என்றால் கை.

த்ருன்கா 1912இல் பில்சன் நகரத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே மரத்தில் பொம்மை செதுக்கத் தொடங்கிவிட்டார். பள்ளியில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் யோசெஃப் ஸ்குபா, அந்த நாடே கொண்டாடிய பொம்மலாட்டக்காரர். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு திரைப்படத் தொழில் அரசுடைமையாகி, அரசின் பணத்திலேயே த்ருன்காவின் பொம்மைப் படங்கள் வந்தன. செக் நாட்டுப்புற வழக்கங்களைச் சொல்லும் 'ஷ்பாலிச்செக்' 1947இலும், ஷேக்ஸ்பியரின் கோடை இரவுக் கனவு 1959இலும் வெளிவந்தன. 'தேசியக் கலைஞர்' பட்டமும் கிடைத்தது. பணமும் பட்டமும் கொடுத்த அந்த அரசின் கையைப் பற்றித்தான் தன் கடைசிப் படத்தை அவர் எடுத்தார்.

கதை ஒரே அறையில் தொடங்குகிறது. கோமாளி உடுப்பில் ஒரு குயவன். அவனிடம் ஒரு ரோஜாச் செடி. அதற்காகத் தொட்டி வனைகிறான். வெள்ளை உறை போட்ட ராட்சதக் கை ஒன்று உள்ளே வருகிறது. சக்கரத்தில் இருக்கும் மண்ணைப் பிசைந்து கை உருவமாக்கிக் காட்டுகிறது: இதைச் செய். அவன் அதைத் திரும்பவும் தொட்டியாக்குகிறான். தொலைபேசி மணி அடிக்கிறது, தொலைக்காட்சிப் பெட்டி வந்து சேர்கிறது. நீதியின் தராசைப் பிடித்த கை, சுதந்திர தேவியின் தீபம் ஏந்திய கை என்று வரலாற்றின் பெருமைமிக்க கைகளெல்லாம் அதன் திரையில் வரிசை கட்டுகின்றன. அதற்கும் அவன் மசியவில்லை. கூண்டில் அடைத்து, அவன் கைகளில் நூல் கட்டி, கல்லில் பிரம்மாண்டமான கையைச் செதுக்க வைக்கிறது அந்த ராட்சதக் கை.

இந்தப் படத்தில் அழகும் அரசியலும் ஒன்றுதான். ஸ்டாப் மோஷனில் பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் தனித்தனியாகப் படம்பிடிப்பார்கள். அப்படி நகர்த்தும் கை திரையில் தெரியக் கூடாது. அதுதான் தொழில் இலக்கணம். த்ருன்கா அதைத் திரைக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தினார். குயவன் பொம்மை, கையோ சதையும் எலும்புமான நிஜ மனிதக் கை. குயவனின் முகம் மாறுவதே இல்லை. தலை சாயும் கோணமும் மேலே விழும் ஒளியும்தான் அவன் பயத்தையும் பிடிவாதத்தையும் நமக்குச் சொல்கின்றன. கைக்கோ எத்தனை வேடம்! வெள்ளை உறையில் கனவான், வலைத்துணி உறையில் மயக்கும் பெண், கறுப்புத் தோலுறையில் காவல்காரன். உறை மாறலாம், கை மாறுவதில்லை என்பதைச் சொல்ல இதைவிடத் துல்லியமான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கதையின் விதையைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம் என்றே நினைக்கிறேன். பிராகில் ஸ்டாலினுக்குப் பிரம்மாண்டமான கற்சிலை எழுப்பியபோது, அதை வடித்த ஓட்டகர் ஷ்வெட்ஸ் 1955இல் திறப்பு விழாவுக்கு முன்பே தற்கொலை செய்துகொண்டார். 1962இல் அரசே அந்தச் சிலையை வெடிவைத்துத் தகர்த்தது. மூன்று ஆண்டு கழித்து, ஏவியபடி கல்லில் கை செதுக்கும் சிற்பி த்ருன்காவின் படத்தில் வருகிறான். அந்தக் காலத்து பிராக் ரசிகருக்கு விளக்கமா தேவை?

குயவன் மெழுகுவர்த்திச் சுடரில் நூலை எரித்துத் தப்பி வீடு சேர்கிறான். கதவை அடைத்துப் பலகை அறைகிறான். அந்த அதிர்வில் அலமாரி மேலிருந்த அவன் தொட்டியே தலையில் விழுந்து அவனைக் கொல்கிறது. கொன்ற பழி யார் மேலும் இல்லை. அதே கை வந்து பதக்கம் சூட்டி, அரசு மரியாதையுடன் அடக்கம் செய்கிறது. படத்தின் ஆகக் கொடூரமான இடம் இதுதான்.

வெளிவந்தபோது படத்துக்குத் தடை இல்லை. 1968இல் சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் நுழைந்தன. 1969 டிசம்பரில் த்ருன்கா காலமானார். அதன் பிறகுதான் பிரதிகளைப் பறிமுதல் செய்தார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சொந்த நாட்டிலேயே அந்தப் படத்தைத் திரையிட முடியாமல் போனது.