பிரித்தானிய டார்ட்ஸ் போட்டிகள்

பிரித்தானிய டார்ட்ஸ் போட்டிகள் என்பது ஐக்கிய இராச்சியத்தில் டார்ட்ஸ் விளையாட்டு உள்ளூர், கவுண்டி, தேசிய நிலைகளில் போட்டியாக நடத்தப்படும் முறையைக் குறிக்கும். சுவரில் மாட்டப்பட்ட வட்டப் பலகையை நோக்கிச் சிறிய கூரிய அம்புகளை எறியும் இவ்விளையாட்டு, பப் எனப்படும் மதுவகங்களில் வளர்ந்தது. மதுவக அணியில் விளையாடும் ஒருவர் கவுண்டி அணிக்கும், அங்கிருந்து தேசிய அணிக்கும், உலகப் போட்டிக்கும் படிப்படியாக உயர இயலும் என்பதே இம்முறையின் அடிப்படையாக இருந்தது. 1993 ஆம் ஆண்டு முன்னணி ஆட்டக்காரர்களுக்கும் நிருவாக அமைப்புக்கும் இடையே ஏற்பட்ட பிளவு இந்த ஏணியை இரண்டாக உடைத்தது.

ஆட்ட முறையும் கணக்கும்

டார்ட்ஸ் பலகை 1 முதல் 20 வரையான இருபது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வெளி விளிம்பில் உள்ள மெல்லிய வளையத்தில் அம்பு தைத்தால் அப்பகுதியின் எண் இருமடங்காகவும், நடுவில் உள்ள வளையத்தில் தைத்தால் மும்மடங்காகவும் கணக்கிடப்படும். மையப் புள்ளிக்கு 50 புள்ளிகள், அதைச் சூழ்ந்த வளையத்திற்கு 25 புள்ளிகள். மையப் புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஆட்டக்காரர் நிற்கும் எறிகோடு பலகையின் முகப்பிலிருந்து 2.37 மீட்டர் தொலைவில் அமையும்.

எண்கள் வரிசையாக அமையாமல் கலைந்து அமைந்திருப்பது பிழைக்குத் தண்டனை தருவதற்காகும். 20 இன் இருபுறமும் 1, 5 ஆகிய சிறிய எண்கள் உள்ளன. எனவே பெரிய எண்ணைக் குறிவைத்துத் தவறுபவர் மிகக் குறைந்த புள்ளிகளையே பெறுவார்.

பெரும்பாலான போட்டிகளில் ஒவ்வொருவரும் 501 புள்ளிகளில் தொடங்கி, ஒரு முறைக்கு மூன்று அம்புகள் எறிந்து, எடுத்த புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். இறுதி அம்பு இரட்டை வளையத்திலோ மையப் புள்ளியிலோ தைத்துச் சரியாகச் சுழியத்தில் முடிய வேண்டும். மூன்று அம்புகளால் பெறக்கூடிய உச்ச அளவு 180 ஆகும். மூன்று அம்புகளால் முடிக்கக்கூடிய மிகப் பெரிய மீதி 170 ஆகும். ஓர் ஆட்டத்தை முடிக்கக் குறைந்தது ஒன்பது அம்புகள் தேவை.

போட்டி முடிவுகளுடன் வெளியிடப்படும் "சராசரி" என்பது மூன்று அம்புகளுக்கு ஒருவர் எடுத்த புள்ளிகளின் சராசரியாகும். எடுத்துக்காட்டாக, 501 புள்ளிகளை 15 அம்புகளில் முடித்தவரின் சராசரி 100.20 ஆகும். எனினும் சராசரி மட்டும் வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. அதிகம் புள்ளி எடுப்பவரும் இரட்டை வளையத்தைத் தவறவிட்டால் தோற்க நேரிடும். ஆகவே இரட்டை வளையத்தை நோக்கி எறிந்த அம்புகளில் எத்தனை விழுக்காடு வெற்றி பெற்றன என்பதும் தனியே தரப்படுகிறது.

உள்ளூர் லீக் போட்டிகள்

போட்டி டார்ட்ஸின் அடித்தளம் வார நாள் மாலைகளில் நடைபெறும் மதுவக லீக் போட்டிகளாகும். ஒரு நகரத்தின் அல்லது மாவட்டத்தின் மதுவகங்களும் தொழிலாளர் மன்றங்களும் தத்தம் அணிகளைப் பதிவு செய்து, ஒரு வாரம் தம் இடத்திலும் மறுவாரம் எதிரணியின் இடத்திலும் விளையாடும். பலகையின் அருகே கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் கணக்கு எழுதுபவரும் பெரும்பாலும் ஆட்டக்காரர்களுள் ஒருவரே ஆவார். மனக்கணக்கில் விரைவு இதனால் இயல்பாகக் கைவரும். ஆட்டம் முடிந்தபின் விருந்தளிக்கும் மதுவகம் இரு அணியினருக்கும் சாண்ட்விச் போன்ற சிற்றுண்டி வழங்குவது நீண்டகால வழக்கமாகும்.

பழைய காலத்தில் பலகைகளும் வட்டாரத்திற்கு வட்டாரம் வேறுபட்டன. யார்க்சயர் பலகையில் மும்மை வளையம் கிடையாது. மான்செசுட்டர் பலகை அளவில் சிறியது. எண்களின் வரிசையும் வேறு. கிழக்கு இலண்டனில் ஐந்தின் மடங்குகள் மட்டும் கொண்ட பலகை வழங்கியது. நாடு முழுவதற்குமான போட்டிகள் பரவியபோது இருபது பகுதிகளும் மும்மை வளையமும் கொண்ட பலகையே பொதுப் பலகையாக நிலைபெற்றது. மரப்பலகைகளின் இடத்தைக் கற்றாழை இனத்தைச் சேர்ந்த சைசல் நாரால் ஆன பலகைகள் 1930களிலிருந்து பிடித்துக்கொண்டன.

கவுண்டி போட்டிகள்

லீக் போட்டிகளில் சிறந்து விளங்குபவர்கள் தாம் பிறந்த அல்லது வாழும் கவுண்டியின் அணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவர். ஒவ்வொரு கவுண்டிக்கும் ஆண்கள், பெண்கள் என இரு பாலருக்கும் "ஏ", "பி" என இரு அணிகள் உண்டு. ஒரு போட்டியில் ஆண்கள் 12 தனியாட்டங்களும் பெண்கள் 6 தனியாட்டங்களும் விளையாடுவர். வார இறுதியில் சமூக மன்றங்களில் நடைபெறும் இப்போட்டிகளில் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் தம் சொந்தச் செலவிலேயே பயணம் செய்கின்றனர்.

நாட்டுக்காக விளையாடும் தகுதி நெடுங்காலம் கவுண்டி ஆட்டத்தைக் கொண்டே அளக்கப்பட்டது. எரிக் பிரிசுட்டோ, ஜான் லோ, பில் டெய்லர் ஆகியோரும் கவுண்டி ஆட்டக்காரர்களாக இருந்தவர்களே.

தேசியப் போட்டிகளின் தோற்றம்

நியூஸ் ஆஃப் த வேர்ல்ட் செய்தித்தாள் 1927-28 இல் இலண்டன் பகுதியில் தொடங்கிய தனிநபர் போட்டியே முதல் பெரும் டார்ட்ஸ் போட்டியாகும். மதுவக அளவில் வென்றவர் அடுத்தடுத்த சுற்றுகளில் முன்னேறி இறுதியாட்டத்தை அடைவார். 1938-39 பருவத்தில் 2,80,000க்கும் மேற்பட்டோர் இதில் பங்கேற்றனர். இலண்டன் வேளாண்மை மண்டபத்தில் நடந்த இறுதிப் போட்டியைக் காண 14,000க்கும் மேற்பட்டோர் திரண்டனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947-48 முதல் இது நாடு தழுவிய போட்டியானது. 1990 வரை தொடர்ந்த இப்போட்டி, 1997 இல் ஒருமுறை மீண்டும் நடத்தப்பட்டது.

1973 சனவரியில் ஒல்லி குரோஃப்ட் என்பவர் வடக்கு இலண்டனில் மசுவெல் ஹில் பகுதியில் இருந்த தம் இல்லத்தில் பிரித்தானிய டார்ட்ஸ் அமைப்பை (பி.டி.ஓ.) நிறுவினார். கவுண்டி சங்கங்களே இவ்வமைப்பின் உறுப்பினர்கள். பன்னாட்டு அளவில் உலக டார்ட்ஸ் கூட்டமைப்பு 1976 இல் அமைக்கப்பட்டது. 1978 இல் நாட்டிங்காமில் பி.டி.ஓ. நடத்திய முதல் உலகத் தொழில்முறைப் போட்டியில் வேல்சைச் சேர்ந்த லைட்டன் ரீசு, ஜான் லோவை வென்று 3,000 பவுண்டு பரிசு பெற்றார். போட்டி 1979 இல் சுடோக் நகருக்கும், 1986 இல் சரே கவுண்டியில் உள்ள லேக்சைடு அரங்குக்கும் மாறியது.

தொலைக்காட்சியால் வந்த உயர்வும் சரிவும்

ஆட்டக்காரரின் முகத்தையும் பலகையையும் ஒரே திரையில் இரு பாதிகளாகக் காட்டும் முறை டார்ட்ஸை தொலைக்காட்சிக்கு ஏற்ற விளையாட்டாக்கியது. பிரிசுட்டோ 1980 முதல் 1986 வரை ஐந்து முறை உலக வாகையரானார்.

1983 இறுதியாட்டம் பலராலும் நினைவுகூரப்படுகிறது. தகுதிச் சுற்றிலிருந்து வந்த 23 வயது கீத் டெல்லருக்கு 138 புள்ளிகள் மீதம் இருந்தன. பிரிசுட்டோவுக்கு ஓர் அம்பும் 50 புள்ளிகளும் மீதம் இருந்தன. மையப் புள்ளியை முயலாமல், அடுத்த முறை எளிதாக முடிக்கும் வகையில் 18 எடுத்து 32 ஐ அவர் மீதம் வைத்தார். டெல்லர் மும்மை 20, மும்மை 18, இரட்டை 12 என மூன்று அம்புகளில் 138 ஐயும் முடித்து வாகையரானார். 1984 அக்டோபர் 13 அன்று ஜான் லோ தொலைக்காட்சியில் முதன்முறையாக ஒன்பது அம்புகளில் ஆட்டத்தை முடித்து 1,02,000 பவுண்டு பரிசு வென்றார்.

எனினும் மேடையில் மது அருந்துவதும் புகைப்பதும் விளையாட்டின் மதிப்பைக் குறைத்தன. தொலைக்காட்சி நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகின. 1980களின் இறுதியில் முறையாக ஒளிபரப்பப்பட்ட பெரிய போட்டி ஆண்டுக்கு ஒன்றாக, லேக்சைடு உலகப் போட்டியாக மட்டும் சுருங்கியது. டார்ட்ஸையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது வாழ்வாதாரச் சிக்கலாயிற்று.

1993 பிளவு

முன்னணி ஆட்டக்காரர்கள் 16 பேரும் அவர்களின் மேலாளர்களும் 1992 இல் உலக டார்ட்ஸ் மன்றம் என்ற அமைப்பை உருவாக்கினர். கூடுதல் விளம்பரதாரர்களையும் ஒளிபரப்பையும் தேடுவது அவர்களின் கோரிக்கையாக இருந்தது. 1993 உலகப் போட்டியின்போது தம் அமைப்பின் சின்னத்தைச் சட்டையில் அணிந்த அவர்களிடம் அதை அகற்றுமாறு கூறப்பட்டது. இனி அப்போட்டியில் தம் அமைப்பின் கீழ் மட்டுமே விளையாடுவோம் என அவர்கள் அறிவித்தனர்.

பி.டி.ஓ. அவர்களைத் தன் போட்டிகள் அனைத்திலிருந்தும் விலக்கியது. தடை உலகப் போட்டியோடு நிற்கவில்லை. கவுண்டி ஆட்டத்திற்கும் பொருந்தியது. விலக்கப்பட்டவர்களுடன் காட்சி ஆட்டங்களில் பங்கேற்கும் மற்றவர்களும் நடவடிக்கைக்கு உள்ளாகலாம் என எச்சரிக்கப்பட்டது. இதனால் தொழில்முறை ஆட்டக்காரர்களின் பூசல் சாதாரண மதுவக ஆட்டக்காரரின் வாசல் வரை வந்தது. பதினாறு பேரில் மைக் கிரிகரியும் கிறிசு ஜோன்சும் பின்னர் பி.டி.ஓ.வுக்குத் திரும்பினர்.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. விளையாட்டைக் கட்டிக் காப்பவர்கள் ஆயிரக்கணக்கான தன்னார்வ ஆட்டக்காரர்களே என்பது பி.டி.ஓ.வின் நிலை. ஆண்டுக்கு ஒரு போட்டியை நம்பி எவரும் வாழ இயலாது என்பது எதிர்த்தரப்பின் நிலை.

புதிய அமைப்பின் முதல் உலகப் போட்டி 1993 டிசம்பர் இறுதியில் எசெக்சு கவுண்டியின் பர்ஃப்ளீட்டில் தொடங்கியது. 1994 சனவரியில் டெனிசு பிரீசுட்லி டெய்லரை வென்று அதன் வாகையரானார். அதே மாதம் லேக்சைடில் கனடாவின் ஜான் பார்ட், பாபி ஜார்ஜை வென்றார். இவ்வாறு ஒரே விளையாட்டுக்கு ஒரே மாதத்தில் இரு உலக வாகையர்கள் உருவாயினர்.

1997 சூன் 30 அன்று வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. எந்தப் போட்டியில் விளையாடுவது என்பதை ஆட்டக்காரரே முடிவு செய்யலாம் என்பது ஏற்கப்பட்டது. எதிரணி அமைப்பு "உலக" என்ற சொல்லைத் தன் பெயரிலிருந்து நீக்கி, தொழில்முறை டார்ட்ஸ் கழகம் (பி.டி.சி.) ஆனது.

பிளவுக்குப் பின்

பி.டி.சி.யின் தலைமையை 2001 இல் பேரி ஹெர்ன் ஏற்றார். 2005 இல் பிரீமியர் லீக் தொடங்கியது. அதே ஆண்டு இங்கிலாந்தின் விளையாட்டு ஆணையம் டார்ட்ஸை விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. 2008 முதல் பி.டி.சி. உலகப் போட்டி இலண்டன் அலெக்சாந்திரா அரண்மனையில் நடைபெறுகிறது. பில் டெய்லர் இரு அமைப்புகளிலுமாக 16 உலகப் பட்டங்கள் வென்று, 2018 இறுதியாட்டத்துடன் ஓய்வு பெற்றார்.

பி.டி.ஓ.வின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக மறுபக்கம் சென்றனர். லேக்சைடில் நான்கு பட்டங்கள் வென்ற நெதர்லாந்தின் ரேமண்ட் வான் பார்னவெல்டு 2006 இல் மாறினார். 2019 இல் 1,00,000 பவுண்டாக இருந்த பி.டி.ஓ. உலக வாகையர் பரிசு 2020 இல் 23,000 பவுண்டாகச் சரிந்தது. லேக்சைடை விட்டு இலண்டனில் நடந்த அந்தப் போட்டியே அவ்வமைப்பின் கடைசி உலகப் போட்டியாகும். 2020 செப்டம்பரில் அதன் வணிகப் பிரிவு கலைப்பு நடவடிக்கைக்கு உள்ளானது.

அமைப்பு மறைந்தபோதும் கவுண்டி ஆட்டம் மறையவில்லை. ஐக்கிய இராச்சிய டார்ட்ஸ் சங்கம் கவுண்டிகளுக்கிடையேயான போட்டிகளை ஏற்று நடத்தி வருகிறது. உலக டார்ட்ஸ் கூட்டமைப்பு 2022 இல் லேக்சைடிலேயே தன் முதல் உலக வாகையர் போட்டியை நடத்தியது. அதில் வட அயர்லாந்தின் நீல் டஃப் ஆண்கள் பட்டத்தையும், இங்கிலாந்தின் போ கிரீவ்சு பெண்கள் பட்டத்தையும் வென்றனர்.

இன்றைய வழி

பழைய ஒற்றை ஏணிக்குப் பதிலாக இன்று பல வழிகள் உள்ளன. பி.டி.சி. சுற்றில் விளையாட 128 பேருக்கு உரிம அட்டை வழங்கப்படுகிறது. ஆண்டின் தொடக்கத்தில் நடக்கும் தகுதிப் பள்ளி எனப்படும் போட்டியில் யாரும் கட்டணம் செலுத்திப் பங்கேற்று இந்த அட்டையை வெல்லலாம். உலகத் தரவரிசை, கடந்த இரு ஆண்டுகளில் வென்ற பரிசுத் தொகையின் கூட்டலாகும்.

2003 இல் தொடங்கிய யூ.கே. ஓப்பன் போட்டியில் தகுதி ஆட்டங்கள் மூலம் பகுதிநேர ஆட்டக்காரர்களும் நுழைகின்றனர். ஹேசுடிங்சு நகர மின்பணியாளரான ராப் கிராசு 2016 இல் இவ்வாறே நுழைந்தார். இரு ஆண்டுகளுக்குள் டெய்லரின் கடைசி இறுதியாட்டத்தில் அவரை 7-2 என வென்று உலக வாகையரானார்.

பெண்களுக்கான உலகப் போட்டி 2001 இல் தொடங்கியது. டிரினா கல்லிவர் அதில் பத்து பட்டங்கள் வென்றார். 2019 டிசம்பரில் ஃபாலன் செராக், பி.டி.சி. உலகப் போட்டியில் ஆட்டம் வென்ற முதல் பெண்ணானார். இளையோர் பயிற்சிக் கழகங்களில் வளர்ந்த லூக் லிட்லர் 2025 சனவரியில் 17 வயதில் பி.டி.சி.யின் மிக இளைய உலக வாகையரானார். 2026 சனவரியில் அவர் பட்டத்தைத் தக்கவைத்தபோது பரிசுத் தொகை 10 இலட்சம் பவுண்டு.

லிட்லர் பெற்ற தொகைக்கும் மதுவக லீக் ஆட்டக்காரர் பெறும் கோப்பைக்கும் உள்ள இடைவெளி முன்னெப்போதையும் விடப் பெரியது. ஆயினும் பலகையின் அளவும், எறிகோட்டின் தொலைவும், இரட்டை வளையத்தில் முடிக்க வேண்டும் என்ற விதியும் இருவருக்கும் ஒன்றே.