தொகுப்பில் அடங்காத மாலை

மேற்கே மலைத்தொடரும் கிழக்கே மேகமலையும் அரண் செய்ய, முல்லைப் பெரியாற்று நீரால் நெல்லும் திராட்சையும் விளையும் மண் கம்பம் பள்ளத்தாக்கு. சென்னைச் சேப்பாக்கம் மைதானம் அங்கிருந்து ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அத்தொலைவை முதலில் கடந்து வந்தது குரல். படம் பின்னரே வந்தது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்த 1986ஆம் ஆண்டின் ஓர் ஆட்டமே போதும்.

அவ்வாண்டு செப்டம்பர் 18 முதல் 22 வரை இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சேப்பாக்கத்தில் டெஸ்ட் போட்டியில் மோதின. ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் ஏழு விக்கெட்டுக்கு 574 ஓட்டங்கள் எடுத்து ஆட்டத்தை முடித்துக்கொண்டது. டீன் ஜோன்ஸ் என்னும் இளைஞர் வெப்பமும் புழுக்கமும் வாட்ட, எட்டு மணி நேரத்திற்கும் மேலாக நின்று 210 ஓட்டங்கள் குவித்தார். பின்னர் மருத்துவமனையில் சேர்க்கப்பெற்றார். கபில்தேவின் 119 ஓட்டங்களால் இந்தியா 397ஐ எட்டியது. இரண்டாம் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டுக்கு 170 எடுத்திருந்த ஆஸ்திரேலிய அணித்தலைவர் ஆலன் பார்டர், கடைசி நாள் காலையில் துணிந்து ஆட்டத்தை முடித்துக்கொண்டார். இந்தியாவின் முன் நின்ற இலக்கு 348.

சுனில் கவாஸ்கர் 90 ஓட்டங்கள் எடுத்து வெற்றிக்கு வழிவகுத்தார். ஆனால் மாலையில் நிலை மாறிற்று. 331இல் ஏழாவது விக்கெட்டும் 334இல் எட்டாவதும் 344இல் ஒன்பதாவதும் வீழ்ந்தன. சென்னை வெயிலிலும் கம்பளிச் சட்டையணிந்து பந்து வீசிய கிரெக் மேத்யூஸ் கடைசி ஓவரைத் தொடங்கியபோது இந்தியாவிற்கு வேண்டியவை நான்கு ஓட்டங்கள். ரவி சாஸ்திரி முதலில் இரண்டும் பின்னர் ஒன்றும் எடுத்தார். இரு அணிகளின் ஓட்டங்களும் சமமாயின. ஐந்தாம் பந்து மணிந்தர் சிங்கின் காலில் பட்டது. நடுவர் விக்ரம்ராஜூவின் விரல் உயர்ந்தது. ஒரு பந்து எஞ்சியிருக்க ஆட்டம் சமனில் முடிந்தது. 1960இல் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய ஆட்டத்திற்குப் பின், டெஸ்ட் வரலாற்றில் இவ்வாறு முடிந்த இரண்டாவது ஆட்டம் இதுவே.

செப்டம்பர் 22 திங்கட்கிழமை, வேலை நாள். அன்று மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்த இப்பள்ளத்தாக்கில் தொலைக்காட்சிப் பெட்டி சில வீடுகளில்தான் இருந்தது. வானொலியோ தேநீர்க்கடையிலும் தையற்கடையிலும் களத்துமேட்டிலும் இருந்தது. சேப்பாக்க ஆட்டங்களைத் தமிழில் வருணித்துப் பெயர் பெற்ற சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோரின் குரல் வழியே கிரிக்கெட் தமிழ்ச் சொல்லாடலுக்குள் நுழைந்த காலம் அது. கேட்பவர் ஆடுகளத்தைத் தாமே வரைந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பந்திற்கும் காத்திருக்க வேண்டும். கடையில் கூடியவர் எவருக்கும் முடிவு தெரியாது என்பதே அம்மாலையின் உயிர்.

பின்னர்க் கொடைக்கானல் மலையை நோக்கி ஆண்டெனாக்கள் நிமிர்ந்தன. ஒளிநாடாவும் தொண்ணூறுகளில் கேபிள் தொலைக்காட்சியும் வந்தன. இன்று கைப்பேசி வந்துள்ளது. மழையால் ஆட்டம் தடைப்படும் வேளைகளிலெல்லாம் பழைய ஆட்டங்களின் தொகுப்புகள் திரையில் தோன்றும். ஐந்து நாள் ஆட்டம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நான்கு ஓட்டங்களும் விக்கெட்டுகளும் மட்டும் நிற்க, ஓட்டமில்லாப் பந்துகளும் நீர் அருந்தும் இடைவேளைகளும் தயக்கங்களும் உதிர்ந்துவிடுகின்றன. ஜோன்ஸ் சந்தித்த பந்துகள் 330. தொகுப்பு காட்டுவதோ அவற்றுள் சிலவற்றையே. அவரை வதைத்தவை அச்சிலவல்ல, எஞ்சியவையே. 2020 செப்டம்பர் 24இல் அவர் மும்பையில் காலமானபோது கிரிக்கெட் உலகம் முதலில் நினைவுகூர்ந்தது சேப்பாக்கத்தில் அவர் பட்ட அந்தப் பாட்டைத்தான்.

தொகுப்பு சிலருக்குக் கொடுமையும் இழைக்கிறது. பந்து தம் மட்டையில் பட்டது என்று மணிந்தர் பல்லாண்டு கூறிவந்தார். தீர்ப்புச் சரியே என்று விக்ரம்ராஜூவும் உறுதியாக நின்றார். அதன்பின் அந்நடுவர் மற்றொரு டெஸ்ட் போட்டியில் நின்றதில்லை. ஐந்து நாளும் அவர் அளித்த தீர்ப்புகள் மறைந்து, உயர்ந்த விரல் ஒன்றே அவர் வாழ்வாகத் திரையில் மீண்டும் மீண்டும் வருகிறது. முடிவை அறிந்து பார்ப்பவர் எளிதில் நீதிபதியாகிவிடுகிறார். முடிவறியாது அங்கு நின்றவரின் நொடி அவருக்குப் புலப்படுவதில்லை.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. 1983 ஜூன் 18இல் டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 17 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்து தவித்தபோது, கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 ஓட்டங்கள் எடுத்தார். அவ்வாட்டத்தைத் தொலைக்காட்சி படம் பிடிக்கவில்லை. ஆயினும் அது அழியவில்லை. கண்டவர் சொல்லக் கேட்டவர் சொல்ல, வாய்மொழியாகவே வளர்ந்து நிற்கிறது.

பள்ளத்தாக்கின் பெருங்கதையும் தொகுப்பாகச் சுருங்கும் ஆபத்துக்கு ஆளானதே. பெரியாறு அணை 1895இல் திறக்கப்பெற்றது என்பதும் அதைக் கட்டியவர் பென்னிகுயிக் என்பதும் சிறுவரும் அறிவர். தைப்பொங்கலன்று அவர் பிறந்தநாளை ஊரார் நன்றியோடு கொண்டாடுகின்றனர், அது தகும். ஆனால் 1887 முதல் எட்டாண்டுகள் காட்டில் நின்று, வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட பணியை மீண்டும் தொடங்கி, காய்ச்சலில் மடிந்த தொழிலாளரின் நாட்கள் அத்தொகுப்பில் இல்லை. அணை நிற்குமா என்பதை அறியாமலே அவர்கள் கல் சுமந்தனர்.

கவிதையும் சுருக்கும் கலையே. எதை விடுவது என்று அறிந்தவரே கவிஞர். எனினும் விட்டவற்றின் கனம் எஞ்சிய சொல்லில் இருக்க வேண்டும். இல்லையேல் முடிவு மட்டும் மிஞ்சும், காத்திருப்பு தொலைந்துபோகும். 1986ஆம் ஆண்டின் அத்திங்கட்கிழமை மாலையில் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து மூச்சடக்கி நின்றவர்களை எந்த ஒளிநாடாவும் பதிவு செய்யவில்லை. அவர்களுள் பலர் இன்றும் இவ்வூர்களில் வாழ்கின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதும் பணி, இன்றும் எழுதுகோல் ஏந்துவோருக்காகக் காத்திருக்கிறது.