விடுவிப்பு உத்தரவே இறுதித் தீர்ப்பு அல்ல

ராணுவப் பணியிலிருந்து ஒருவரை அவரது விருப்பத்துக்கு மாறாக விடுவித்து உத்தரவு வந்துவிட்டால், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கருதி ஊர் திரும்புவோர் உண்டு. கட்டளைக்குக் கீழ்ப்படிந்தே பழகிய மனம், மேலதிகாரியின் கையொப்பத்தை எதிர்த்துக் கேட்கத் தயங்குவது இயல்பு. ஆனால், அந்தக் கேள்வியை எழுப்பும் உரிமையைச் சட்டம் அளித்திருக்கிறது. அதை உரிய காலத்தில் பயன்படுத்துகிறோமா என்பதே முக்கியம்.

செலினா ஜான் வழக்கு இதற்குச் சிறந்த சான்று. ராணுவ செவிலியர் பணியில் லெப்டினன்டாக இருந்த அவர், 1988 ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டார். ராணுவ அதிகாரி ஒருவரைத் திருமணம் செய்துகொண்டதே காரணம். விளக்கம் கேட்டு நோட்டீஸ்கூட அளிக்கப்படவில்லை. அதற்கு இடமளித்த 1977-ஆம் ஆண்டின் ராணுவ விதிமுறை 1995-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. லக்னௌ ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2016-இல் விடுவிப்பு உத்தரவை ரத்து செய்தது. மத்திய அரசின் மேல்முறையீட்டை விசாரித்த உச்சநீதிமன்றம், திருமணத்துக்காகப் பெண்ணைப் பணிநீக்கம் செய்வது அப்பட்டமான பாலினப் பாகுபாடு என்று 2024 பிப்ரவரி 14-இல் கூறி, மீண்டும் பணியில் சேர்ப்பதற்குப் பதிலாக ரூ.60 லட்சம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

தொகை பெரிதாகத் தோன்றலாம். முப்பத்தைந்தரை ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால், மாதத்துக்குச் சுமார் 14 ஆயிரம் ரூபாய்தான். இழந்த பதவி உயர்வுக்கும் கடந்துபோன இளமைக்கும் எந்தக் கணக்கிலும் விலை காண முடியாது. தாமதத்தின் செலவு முழுவதும் பாதிக்கப்பட்டவர் மீதே விழுகிறது.

முறையீட்டின் வழி என்ன? 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, அதிகாரி அல்லாத படைவீரர்கள் தங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி குறித்து மேலதிகாரியிடம் முறையிட வகை செய்கிறது. முறையீட்டைப் பெறும் அதிகாரி அதை இயன்றவரை முழுமையாக விசாரிக்க வேண்டும். 27-ஆவது பிரிவின்படி, தமது கட்டளை அதிகாரியிடம் நிவாரணம் கிடைக்காத அதிகாரிகள் மத்திய அரசிடம் முறையிடலாம்.

அதற்கு அடுத்த படி, 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம். பணிநீக்கம், முன்கூட்டிய ஓய்வு ஆகியவை அதன் வரம்புக்குள் வருகின்றன. பொதுவாக, முதலில் துறைரீதியான முறையீட்டைச் செய்திருக்க வேண்டும். ஆறு மாதங்களுக்குள் இறுதி உத்தரவு வராவிட்டால் தீர்ப்பாயத்தை அணுகலாம். இறுதி உத்தரவு வந்தால், அன்றிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும். பதிலே வராவிட்டால், காத்திருப்புக் காலமான ஆறு மாதம் முடிந்த பிறகு மேலும் ஆறு மாத அவகாசம் உண்டு. தக்க காரணம் இருந்தால் தாமதத்தைத் தீர்ப்பாயம் மன்னிக்கலாம். அதை நம்பிக் காலம் கடத்துவது விவேகமன்று.

திருமணம் மட்டுமல்ல, ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகளும் விடுவிப்புக்குக் காரணமாவதுண்டு. பணிப் பதிவேட்டில் நான்கு சிவப்பு மைப் பதிவுகள் இருப்பதாலேயே ஒரு படைவீரரை விடுவித்துவிட முடியாது. முறையான விசாரணையும், அவரது பணிக்காலம் உள்ளிட்ட சூழல்களைக் கருதுவதும் அவசியம் என்று வீரேந்திர குமார் தூபே வழக்கில் 2015-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனவே, விடுவிப்பின் காரணத்தைப் போலவே அதன் நடைமுறையையும் ஆராய வேண்டும்.

படைவீரர்களையும் செவிலியர்களையும் நாட்டுக்கு அளித்துவரும் குமரி மாவட்டத்துக்கு இது அயலார் பிரச்னை அல்ல. விடுவிக்கப்பட்டவர், தாம் வசிக்கும் பகுதிக்குரிய அமர்விலேயே மனு செய்யலாம். நமக்கு அது சென்னை அமர்வு. நாகர்கோவிலிலிருந்து சுமார் 700 கிலோ மீட்டர். ஊதியம் நின்றுபோன குடும்பத்துக்கு இந்தத் தொலைவே ஒரு தடை. வருமான வரம்பின்றிப் பெண்களுக்கும், வரம்புக்கு உள்பட்ட மற்றவர்களுக்கும் இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகத் தயங்க வேண்டியதில்லை.

அரசு செய்ய வேண்டியது எளியது. எங்கே, எத்தனை நாள்களுக்குள் முறையிடலாம் என்பதை ஒவ்வொரு விடுவிப்பு உத்தரவிலும், பெறுபவருக்குப் புரியும் மொழியில் அச்சிட வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் அதை எடுத்துச் சொல்ல வேண்டும். எல்லையில் காவல் நின்றவருக்குத் தமது உரிமையின் எல்லை எதுவெனத் தெரிவிப்பது சலுகையல்ல, கடமை.