குவான் யின்: பினாங்கில் குடிகொண்ட அவலோகிதர்

பினாங்கு ஜோர்ஜ்டவுனில், குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது குவான் யின் கோயில். சுங்கை பட்டாணி, கூலிம் பக்கத்திலிருந்து போகிற நம்மவர்கள் மாரியம்மனைக் கும்பிட்ட கையோடு இங்கேயும் ஊதுபத்தி ஏற்றிவிட்டு வருவதுண்டு.

இதன் பழைய பெயர் 'கோங் ஹோக் கியோங்'. 'கோங்' என்பது குவாங்டோங் மாநிலத்தையும், 'ஹோக்' என்பது ஃபூஜியான் மாநிலத்தையும் குறிக்கும். வெவ்வேறு மொழி பேசிய இவ்விரு பிரிவினரும் ஒன்றுசேர்ந்து 1800இல் எழுப்பிய கோயில் இது. கெடா சுல்தானுக்குச் சொந்தமான தீவில் பிரான்சிஸ் லைட் இறங்கி அப்போது 14 ஆண்டுகளே ஆகியிருந்தன.

சீனர்களுக்குள் எழுந்த வழக்குகளையும் பெரியவர்கள் இங்கேதான் பேசித் தீர்த்தார்கள். நம் ஊர்க் கோயில் பஞ்சாயத்து மாதிரி. ஆனால், 1867இல் இரகசியச் சங்கங்களின் கலவரம் நகரையே உலுக்கியது. மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும்கூட இரு பக்கமும் பிரிந்து நின்ற அந்தச் சண்டையைத் தடுக்கும் வலு கோயிலுக்கு இல்லை. பின்னர் 1880களில் பக்கத்திலேயே சீனர் நகர மண்டபம் அமைந்ததும் சமூக விவகாரங்கள் அங்கே போயின. கோயிலில் வழிபாடு தொடர்ந்தது.

சரி, குவான் யின் யார்? பௌத்தத்தின் அவலோகிதேசுவரர்தான் சீனத்துக்குப் போய், காலப்போக்கில் பெண் வடிவம் கொண்டார். உலகத்தாரின் அழுகுரலைக் கேட்பவர் என்பது பெயரின் பொருள். இந்த அவலோகிதர் தமிழுக்குப் புதியவரல்லர். 11ஆம் நூற்றாண்டில் வீரசோழியம் என்ற இலக்கண நூலை எழுதிய புத்தமித்திரர், அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடம் என்கிறார். அகத்தியருக்குத் தமிழ் தந்தவர் சிவபெருமான் என்றே கேட்டு வளர்ந்த நமக்கு இது வியப்பாக இருக்கலாம்.

அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் கடாரத்து அரசர் பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்தது. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே மானியமாகக் கொடுத்தவன் இராஜராஜ சோழன். அந்தக் கடாரம் நம் கெடாதான் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. சீனக் கோயிலில் நம்மவர் கைகூப்புவதை 'இது என்ன புதுப்பழக்கம்' என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

சீன நாட்காட்டியின் 2, 6, 9ஆம் மாதங்களில் 19ஆம் நாள் அன்னைக்கு விசேஷம். அன்று பத்திப் புகை கண்ணை எரிக்கும். சிறுபிள்ளைகளோடு போகிறவர்கள் வேறொரு நாளில், காலையிலேயே போவது நல்லது.